தேடாமலே தென்படும் பாராதைராய்டு

தைராய்டு அறுவை சிகிச்சையின்போது அச்சுரப்பியின் ஒரு மடலை மெல்லப் புரட்டினால், பின்புறக் கொழுப்புக்குள் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் ஒரு சிறு திட்டு தெரியும். அதுதான் பாராதைராய்டு. பெரும்பாலோருக்கு நான்கு இருக்கும். ஒவ்வொன்றும் துவரம்பருப்பளவே இருக்கும். எடை ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிகிராம். கொழுப்பு என்றோ நிணநீர்க் கணு என்றோ எளிதில் ஏமாற்றிவிடும் இவற்றை, மனித உடலில் 1880-இல் முறையாக விவரித்தவர் சுவீடன் நாட்டு மருத்துவ மாணவர் இவார் சான்ட்ஸ்ட்ரோம். இரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காப்பவை இவையே என்பதால், இரத்த ஓட்டம் கெடாமல் இவற்றை உள்ளேயே விட்டு வருவதுதான் அறுவை மருத்துவர்களாகிய நாங்கள் கற்கும் முதல் பாடம்.

சில வேளைகளில் இவற்றுள் ஒன்று மட்டும் வீங்கி, செம்பழுப்பாகத் தென்படும். நோயாளி வந்தது தைராய்டு கட்டிக்காக. இதை எடுப்பதா, விடுவதா?

கண்ணை மட்டும் நம்பி எடுக்கக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கால்சியமும், அதை உயர்த்த இச்சுரப்பிகள் சுரக்கும் பாராதைராய்டு ஹார்மோனும் இயல்பாக இருப்பவருக்கு, சற்றே பெருத்திருக்கிறது என்பதற்காக ஒரு சுரப்பியை எடுத்துவிட்டு, மற்ற மூன்றும் அறுவையின்போது இரத்த ஓட்டம் இழந்து சோர்ந்துபோனால், உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரமரப்பு, தசைப்பிடிப்பு என்று அவர் நெடுநாள் அவதிப்பட நேரிடும். மாறாக, கால்சியம் உயர்ந்திருந்து, ஹார்மோனும் அதற்கேற்பக் குறையாமல் இருந்தால், அதை விட்டு வருவதுதான் தவறு. பின்னாளில் தழும்பேறிய கழுத்தை மீண்டும் திறக்கும்போது குரல் நரம்புக்கு ஆபத்து கூடும். அப்போதும் ஒன்றை எடுத்ததோடு நிறுத்தாமல் மற்றவற்றையும் பார்ப்பது நல்லது, ஏனெனில் சிலருக்கு நான்குமே பெருத்திருக்கும். ஹார்மோன் சில நிமிடங்களிலேயே இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், வசதியுள்ள இடங்களில் சுரப்பியை எடுத்த 10 நிமிடத்தில் மீண்டும் அளந்து, பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறதா என்று அறுவை அரங்கிலேயே உறுதிப்படுத்தலாம்.

இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதியை முன்கூட்டியே தீர்த்துவிடலாம். பாராதைராய்டு மிகையாகச் சுரப்பதால் வரக்கூடிய சிறுநீரகக் கல், எலும்புத் தேய்மானம், ஓயாத அசதி ஆகியவற்றை வயதின் மேலோ தைராய்டின் மேலோ போட்டுவிடுவது எளிது. அதனால் தைராய்டு அறுவைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் கால்சியம் பார்க்கவேண்டும், அது உயர்ந்திருந்தால் ஹார்மோனையும் பார்க்கவேண்டும் என்று வற்புறுத்துகிறேன். இப்படியொன்று தென்படக்கூடும் என்பதை ஒப்புதல் பெறும்போதே நோயாளியிடம் சொல்லிவிடவேண்டும். எந்தச் சுரப்பி எங்கே, எந்த நிலையில் இருந்தது, எடுக்கப்பட்டதா விடப்பட்டதா என்பதை அறுவைக் குறிப்பில் தெளிவாக எழுதி, அதன் நகலை அவர் கையிலும் கொடுக்கவேண்டும்.