யாருடைய பழைய பாட்டு?

டிமென்ஷியா என்ற மறதிநோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் வேலை என்று சொன்னால் போதும், "பழைய பாட்டு போட்டால் அமைதியாகிவிடுவார்களாமே?" என்று கேட்பவர்கள் நிறைய. ஆகிறார்கள்தான். ஆனால் பொது அறையில் ஒரு ஸ்பீக்கரை வைத்து நாள் முழுக்க எதையாவது ஓடவிடுவது அதில் சேராது. எழுபது வயதுக்காரருக்கும் தொண்ணூறு வயதுக்காரருக்கும் பழைய பாட்டு ஒன்றல்ல. ஒருவருக்கு உயிரான பாடகர், பக்கத்து நாற்காலிக்காரருக்குக் காதில் காய்ச்சி ஊற்றிய ஈயம்.

அதனால் புதிதாக ஒருவர் வந்தால், குடும்பத்தாரிடம் பாட்டைப் பற்றி விசாரித்துவிடுவேன். "அம்மாவுக்கு எல்லாப் பாட்டும் பிடிக்கும்" என்பார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வேலை செய்யும்போது எதை முணுமுணுப்பார்? பிள்ளைகளைத் தூங்கவைக்க என்ன பாடினார்? எந்தப் பாட்டு வந்தால் எழுந்து போய்விடுவார்? இப்படிக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும், அதிலும் கடைசிக் கேள்விக்கு எல்லோரும் யோசிக்காமலே பதில் சொல்லிவிடுவார்கள். வீட்டில் சொல்ல ஆளில்லை என்றால் பிறந்த ஆண்டை வைத்துக் கணக்குப் போடுவோம். சுமார் 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவையும் கேட்டவையும்தான் பிற்காலத்தில் அதிகம் நினைவுக்கு வருகின்றன என்பது நினைவாற்றல் ஆய்வாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

பேச்சு போன பிறகும் பாட்டு எப்படி மிஞ்சுகிறது? நெடுநாள் பழகிய இசையை நினைவில் வைத்திருக்கும் மூளைப் பகுதிகளுக்கு, டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமரில் மற்ற பல பகுதிகளைவிடச் சேதம் குறைவு என்று 2015இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நாங்கள் அதைக் குளியலறையில் பார்க்கிறோம். ஒரு பாட்டிக்கு வாக்கியமாகப் பேச்சு வராது. சட்டையைக் கழற்றப் போனால் கழுத்துப் பட்டியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொள்வார். "குளிக்கலாம் வாங்க பாட்டி" என்று எத்தனை தடவை சொன்னாலும் பிடி இன்னும் இறுகும். அவருக்குத் தெரிந்த பாட்டின் ஓர் அடியைப் பாடி, கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துவேன். அந்தச் சொல்லை அவர் போடுவார், சுருதி பிசகாமல். அடுத்த அடிக்குள் விரல்கள் தளர்ந்துவிடும். எனக்குக் குரல்வளம் கிடையாது, அது அவருக்குப் பொருட்டே இல்லை.

இதைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு ஞாபகம் திரும்புகிறது என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். அதை மட்டும் நான் வளரவிடுவதில்லை. பாட்டு முடிந்த கையோடு மகளையே "நீ யாரும்மா?" என்று கேட்கக்கூடும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்விலும் அப்படித்தான்: இசைச் சிகிச்சை மனச்சோர்வையும் நடத்தைச் சிக்கல்களையும் குறைக்கக்கூடும், ஆனால் அறிவாற்றலில் பெரிய மாற்றம் இல்லை. கொந்தளிப்பிலும் ஆவேசத்திலும்கூட அதற்குப் பலன் தெரியவில்லை.

இந்தக் கடைசி விஷயம் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. கத்த ஆரம்பித்த பிறகு பாட்டு போட்டால், அது இன்னொரு சத்தம், அவ்வளவுதான். தனிப்பட்ட விருப்ப இசையை இந்தப் பராமரிப்பில் முறைப்படுத்திய செவிலியர் லிண்டா கெர்ட்னர், பதற்றம் உச்சத்துக்குப் போகும் நேரத்துக்குச் சுமார் 30 நிமிடம் முன்பே இசையைத் தொடங்கச் சொல்கிறார். சாயங்காலம் ஆனால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்புகிறவருக்கு, வெளிச்சம் மங்குவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். டிவியை அணைத்துவிட்டு, காதுக்கருவி வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிட்டு. அப்புறம், இணையத்தில் பாட்டுக்கு நடுவே வரும் இந்த விளம்பரங்கள்! உருகிக் கேட்டுக்கொண்டிருப்பவரின் காதில் திடீரென்று ஒருவன் கத்தி எதையோ விற்றால், போட்ட பாட்டெல்லாம் வீண். பாட்டுகளை இறக்கி வைத்துக்கொள்வதே உத்தமம்.

அழுதால் நிறுத்த வேண்டுமா என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பார்கள். நான் கண்ணீரைவிடக் கையையும் தோளையும்தான் பார்ப்பேன். அழுதுகொண்டே தாளம் போடுகிறாரா, சரி, ஓடட்டும். தோள் விறைத்து, கண் கதவைத் தேடினால் உடனே பாட்டை நிறுத்திவிடுவேன். இழவு வீட்டில் கேட்ட பாட்டாகக்கூட இருக்கலாம். "நிறுத்து" என்று சொல்ல அவருக்கு வார்த்தை இல்லை.

இதெல்லாம் ஷிஃப்ட் நோட்டில் ஏற வேண்டும். "பாட்டை ரசித்தார்" என்று எழுதினால் இரவு வருகிறவருக்கு ஒன்றும் விளங்காது. "ஐந்து மணிக்கு முதல் இரண்டு பாட்டு, கூடவே பாடினார், சாப்பிட உட்கார்ந்தார். மூன்றாவதைப் போடாதீர்கள், செருப்பைத் தேடுகிறார்" என்று எழுதினால் அவர் வேலையைப் பார்ப்பார்.