ஊருக்கு வந்தால் சரியாகிவிடும் என்றார்கள்

வெளிநாட்டில் மனசு சரியில்லாமல் இருப்பவர்களிடம் நம் மக்கள் முதலில் சொல்வது, "கொஞ்ச நாள் ஊர்ப்பக்கம் வந்துட்டுப் போ, எல்லாம் சரியாயிடும்" என்பதுதான். பாசத்தில் சொல்வது. என்னிடமும் சொன்னார்கள், நானும் நம்பி வந்தேன். வந்தும் அது என்னை விடவில்லை. விடாததால்தான் இது ஊர் ஏக்கம் இல்லை, மனச்சோர்வு என்ற வைத்தியம் பார்க்க வேண்டிய நோய் என்று எனக்கும் வீட்டுக்கும் உறைத்தது. இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிறந்த வீடு வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம், புகுந்த வீடு மன்னார்குடி. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுக் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். கல்யாணமானதும் வேலையை விட்டுவிட்டு, அவர் வேலை பார்க்கும் இங்கிலாந்துக்கு டிபெண்டன்ட் விசாவில் போனேன். ஊர் லீட்ஸ். முதல் வருஷம் எல்லாமே புதுசாக இருந்ததில் ஓடிவிட்டது. இரண்டாவது குளிர்காலத்தில்தான் ஆரம்பித்தது.

டிசம்பரில் அங்கே காலை எட்டு மணிக்கு மேல்தான் வெளிச்சம் வரும், மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடும். அந்த இருட்டுதான் காரணம் என்றே நாங்கள் இருவரும் நினைத்தோம். ஏப்ரல், மே என்று பகல் நீண்டுகொண்டே போயிற்று, எனக்குள் மட்டும் ஒன்றும் மாறவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் திரும்பத் தூக்கம் வராது. அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு மறுபடி படுத்தால், சாயங்காலம் அவர் கதவைத் திறக்கும் சத்தம் கேட்கும்போதுதான் எழுந்திருப்பேன். பாத்திரம் தொட்டியில் அப்படியே கிடக்கும். தலை வாருவதே பெரிய வேலையாகத் தெரிந்தது. அம்மா வீடியோ காலில் கூப்பிட்டால் முகம் தெரியாமல் இருக்க விளக்கை அணைத்துவிட்டு, "நெட் சரியில்லம்மா, அப்புறம் பேசுறேன்" என்பேன். அழுகைகூட வரவில்லை. அழுதிருந்தால் யாராவது கவனித்திருப்பார்களோ என்னவோ.

அவர்தான் ஜி.பி.யிடம், அதாவது நம் பேட்டை டாக்டரிடம், கூட்டிக்கொண்டு போனார். விசா எடுக்கும்போதே சுகாதாரக் கட்டணம் கட்டிவிடுவதால் டாக்டரைப் பார்க்கத் தனியாகப் பணம் கிடையாது. பதிவு செய்திருந்தால் போதும். டாக்டர் முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி. தைராய்டு குறைந்தாலும் இதே மாதிரி அசதியும் சோர்வும் வருமாம், அதனால் அதைப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. எனக்கு வைட்டமின் டி மட்டும் குறைவு, மற்றதெல்லாம் சரி. அப்புறம் ஒரு தாளைக் கொடுத்தார். பி.ஹெச்.க்யூ-9 என்பார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எப்படி இருந்தீர்கள் என்று ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய நிலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு 20-ஐத் தாண்டியிருந்தது.

ஒன்பதாவது கேள்வியைச் சொல்லியாக வேண்டும். இருப்பதைவிட இறந்துபோவதே மேல் என்று தோன்றுகிறதா என்பது அது. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தோன்றியிருந்தது. அதை எழுதினால் போலீஸ் வருமோ, விசாவை ரத்து செய்துவிடுவார்களோ என்றெல்லாம் பயம். உள்ளதை எழுதினேன். டாக்டர் பதறவே இல்லை. "அப்படி ஏதாவது செய்துகொள்ளத் திட்டம் இருக்கிறதா?" என்று நேராகக் கேட்டார். இல்லை, எண்ணம் மட்டும்தான் என்றேன். அந்த எண்ணம் முற்றினால் எந்த நேரமானாலும் அரசு மருத்துவ உதவி எண்ணான 111-ஐக் கூப்பிட்டு 2-ஐ அழுத்துங்கள், சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பின் 116 123 இலவசம் என்று எழுதிக் கொடுத்தார். இங்கே பேசியதை என் சம்மதம் இல்லாமல் வேலை கொடுத்தவரிடமோ உறவுக்காரர்களிடமோ சொல்ல மாட்டோம், உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகளில்தான் விதிவிலக்கு என்றும் விளக்கினார். ஒருவர் நம்மிடம் சாவைப் பற்றி வாய்விட்டுக் கேட்டால் அந்த எண்ணம் அதிகமாகிவிடும் என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். எனக்கு அது நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்தது போலத்தான் இருந்தது.

இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்பான என்.ஹெச்.எஸ்.-இல் டாக்கிங் தெரபீஸ் என்று, பேச்சு வழியாக மனசுக்குச் சிகிச்சை தரும் ஒரு சேவை இருக்கிறது. 18 வயது முடிந்து, ஒரு ஜி.பி.யிடம் பதிவு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் நாமே விண்ணப்பிக்கலாம். போனில் ஒரு முதல் பேச்சு நடந்தது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள், அதற்கும் காசு கிடையாது. வேண்டாம் என்றுவிட்டேன், அந்தத் தமிழ்க்காரர் நமக்குத் தெரிந்தவராக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். மொழிபெயர்ப்பவர்களும் ரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. முறை வரும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். டாக்டர் சொன்ன மாத்திரையை அப்போது நான் ஒத்துக்கொள்ளவில்லை. "டிக்கெட் போட்டுடறேன், அம்மாகிட்ட கொஞ்ச நாள் இரு" என்றார் அவர்.

நான் வந்து சேர்ந்தபோது ஆனி மாதம். ஜூன் 12-இல் மேட்டூரில் தண்ணீர் திறந்து, குடமுருட்டியில் வந்துகொண்டிருந்தது. ஊரே குறுவை நடவில் மும்முரம். வீட்டுக்கு வெளியே நடவு மெஷின் சத்தம், உள்ளே நான் கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அம்மா கையால் சாப்பாடு, தம்பி பக்கத்தில், நல்ல வெயில். இல்லை என்று ஏங்கியதெல்லாம் கிடைத்தாயிற்று. காலை மூன்று மணி விழிப்பு மட்டும் போகவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்று. "விசேஷம் ஏதும் உண்டா?" இல்லை என்றால், "ஒரு புள்ள பொறந்தா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். இந்த வார்த்தையைச் சொல்கிறவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், சொல்லாதீர்கள். குழந்தை மருந்தல்ல. பிள்ளை பெற்ற பிறகும் மனச்சோர்வு வந்து தவிக்கும் பெண்கள் எத்தனையோ பேர்.

மனசு சரியில்லாதவர்களைக் கூட்டிப் போகும் குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொன்னார் பெரியம்மா. அம்மா திருவிடைமருதூருக்குக் கூட்டிப் போனாள். வரகுண பாண்டியனைப் பிடித்திருந்த பிரம்மஹத்தி அங்கேதான் விலகியது என்பார்கள், ஒரு வாசலில் நுழைந்து வேறு வாசல் வழியாக வெளியே வர வேண்டும். நானும் வந்தேன். அம்மா என் கையைப் பிடித்தபடியே பிரகாரம் சுற்றியது ஆறுதலாகத்தான் இருந்தது. கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் நாள்தான் போகும்.

ஆடிப்பெருக்கு அன்றுதான் அம்மா உண்மையிலேயே பயந்தாள். சின்ன வயதில் நான் விடிவதற்கு முன்பே படித்துறைக்கு ஓடுகிறவள். அன்றைக்குச் சித்ரான்னமெல்லாம் கட்டி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு எல்லாம் தட்டில் எடுத்து வைத்துவிட்டு அம்மா கூப்பிட்டாள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. வேண்டாம் என்று இல்லை, கை கால் கேட்கவில்லை. அம்மா போய்விட்டு வந்து மஞ்சள் கயிற்றை என் கழுத்தில் கட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் அத்தாச்சிக்குப் போன் போட்டாள்.

அத்தாச்சி, அதாவது என் அத்தை மகள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். வந்து பக்கத்தில் உட்கார்ந்து எதுவும் புத்தி சொல்லவில்லை. தூக்கம், பசி, எண்ணம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, 14416-ஐ அழுத்தி என் கையில் கொடுத்தாள். டெலிமானஸ் என்ற அரசாங்க உதவி எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். எதிர்முனையில் ஒரு பெண் குரல், "சொல்லுங்கம்மா, அவசரமே இல்ல" என்றது. மாதக்கணக்கில் வராத அழுகை அப்போது வந்தது. அவர்தான் நேரில் டாக்டரைப் பாருங்கள், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது என்றார்.

மனநலப் பிரிவு என்றதும் அம்மா முகம் மாறிவிட்டது. 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய செய்தி அவள் மனதில் அப்படியே இருக்கிறது. "கட்டிப் போட்டுருவாங்களாடி?" என்று அத்தாச்சியிடம் கேட்டாள். அந்தக் காலம் இல்லை, 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்திருக்கிறது, நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்றும் அதில் இருக்கிறது என்று அத்தாச்சி பொறுமையாகச் சொன்னாள்.

பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பாபநாசம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர், கஜா புயலில் தோப்பு மொத்தமும் சாய்ந்த நாளிலிருந்து தூக்கம் இல்லை, இப்போது மாத்திரையில் பரவாயில்லை என்று, சுகருக்கு வந்தவர் பேசுவது மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அம்மா அவரிடம்தான் அதிகம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

டாக்டர் லீட்ஸ் ரிப்போர்ட்டை எல்லாம் பார்த்துவிட்டு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை 50 மில்லிகிராம் எழுதினார். மாத்திரை பற்றி எனக்கு இருந்த பயம் பலருக்கும் இருக்கும் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இது தூக்க மாத்திரை இல்லை, போதையும் இல்லை. முதல் வாரம் குமட்டல் வந்தது, தூக்கம் இன்னும் கெட்டது. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்காவிட்டால் பாதியில் நிறுத்தியிருப்பேன். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நாமாகச் சட்டென்று நிறுத்தக்கூடாது, டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கவுன்சிலிங்குக்கு அம்மாவும் கூடவே நுழைந்தாள். கவுன்சிலர் மரியாதையாக வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான் வாயே திறந்தது. யாரிடமும் சொல்லாத ஒன்றை அங்கே சொன்னேன். எனக்கென்று சம்பளம் இருந்து, "டீச்சர், டீச்சர்" என்று பிள்ளைகள் சுற்றிவந்த இடத்திலிருந்து, பஸ்ஸுக்குக் காசு கேட்டு வாங்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, இருந்தும் கேட்கும் ஒவ்வொரு தடவையும் நான் ஒரு அங்குலம் சுருங்கினேன். லீட்ஸில் போனில் பேசியபோது இதை இங்கிலீஷில் சொல்ல நினைத்து, விட்டுவிட்டிருந்தேன்.

காலையில் எழுந்ததும் முன்பெல்லாம் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் கவுன்சிலர். கோலம் போடுவேன் என்றேன். "நாளைக்கு அஞ்சு புள்ளி போதும். மனசு வரட்டும்னு காத்திருக்காதீங்க, கை முதல்ல போகட்டும்." ஒரு நோட்டில் நாள் முழுவதும் செய்வதை மணிவாரியாக எழுதி, செய்து முடித்த நிறைவுக்கும் சந்தோஷத்துக்கும் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். முதல் நாள் கோலத்துக்கு நிறைவு 2, சந்தோஷம் 0. கணக்கு டீச்சர் இல்லையா, நோட்டை ஒழுங்காகக் கோடு போட்டுத்தான் வைத்திருந்தேன். ஆவணி பாதியில் ஒருநாள், தம்பி மகள் வந்து புள்ளியை எண்ணியபோது, சந்தோஷம் 4 என்று எழுதியிருக்கிறது. விழிப்பும் மெல்ல ஐந்து மணிக்குத் தள்ளிப் போயிற்று.

திரும்பிப் போகும்போது டாக்டரிடம் இங்கிலீஷில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டேன். நோய், மருந்தின் பொதுப்பெயர், அளவு, ஆரம்பித்த தேதி எல்லாம் அதில் இருந்தது. மாத்திரையை அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் எடுத்துப் போங்கள், பிரித்து டப்பாவில் போடாதீர்கள். லீட்ஸ் டாக்டர் கடிதத்தைப் பார்த்துவிட்டு அதே மருந்தைத் தொடர்ந்தார். டாக்கிங் தெரபீஸில் என் முறையும் வந்தது. தமிழில் ஒருமுறை எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்ததால், இந்தத் தடவை இங்கிலீஷில் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. மொழிபெயர்ப்பாளர் இருந்திருந்தாலும் பயந்திருக்க மாட்டேன். வீட்டுக்காரர் என்னிடம் யோசனை சொல்வதை விட்டுவிட்டு, வேலைக்குக் கிளம்பும் முன் பஸ் ஸ்டாப் வரை என்னோடு நடக்க ஆரம்பித்தார். குளிர்காலத்திலும் நடந்தோம். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன்.

அம்மா எனக்குத் தெரியாமல் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். வலங்கைமான் மகா மாரியம்மன் கோயிலில் பங்குனி இரண்டாவது ஞாயிறு பாடைக்காவடி எடுப்பார்கள். உயிருக்கே ஆபத்தாக இருந்து பிழைத்தவர்களைப் பாடையில் படுக்கவைத்து, தாரை தப்பட்டையோடு கோயிலுக்குத் தூக்கிப் போய் எழுப்புவார்கள். அதை எனக்கு நேர்ந்திருக்கிறாள். "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று முதலில் சொன்ன அதே அம்மா, இது உயிருக்கு வந்த நோய், என் பெண் பிழைத்து வந்தாள் என்று ஊரறியச் சொல்லத் தயாராகிவிட்டாள். அடுத்த பங்குனிக்கு வருகிறோம். மாத்திரையைக் குறைக்க ஆரம்பித்திருக்கிறார்கள், முழுதும் நிற்க இன்னும் சில மாதமாகும். அதற்குள் தெருவில் ரெண்டு மூன்று பேர் அம்மாவிடம் தனியாக வந்து, தங்கள் பிள்ளைகளுக்காக விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மா 14416-ஐச் சொல்லிவிட்டு, தஞ்சாவூருக்குத் துணை வேண்டுமானால் தானே வருவதாகவும் சொல்கிறாள்.