வெயிலுக்கு முந்திக்கொள்ளும் வேலைகள்

வெயில் ஏறிவிட்டால் எங்கள் மாந்தோப்பில் எந்த வேலையும் ஓடாது. அதனால் விடியும்போதே தண்ணீர் திறந்துவிடுகிறோம். அடிமரத்தை ஒட்டித் தண்ணீர் தேங்கவிடவே மாட்டேன், பட்டை அழுகிவிடும். உறிஞ்சும் மெல்லிய வேர்கள் கிளை விரிந்திருக்கும் அளவுக்குத் தள்ளியும் இருக்கின்றன. ஆகவே மரத்தைச் சுற்றித் தண்ணீர் விடும் வட்டப்பாத்தியை அகலமாகவே போடுகிறோம். அதன்மேல் காய்ந்த இலைகளை 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்பிவிடுவோம். நண்பகலில் அந்த மூடாக்கை விலக்கிக் கையை வைத்துப் பாருங்கள், மண் ஜில்லென்று இருக்கும். கோடையில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் நான் மூடாக்குத்தான் போடுவேன்.

அப்புறம் மாங்காய் பறிப்பு. என் மகள் வலைத் தொரட்டியைப் பிடித்தால் அத்தை கீழேயே நிற்பார். "காம்போட பறிடி, பால் பட்டா தோல் கருகிடும்" என்பார். உண்மைதான். காம்பு ஒடிந்ததும் பால் பீய்ச்சிக்கொண்டு வரும், பட்ட இடம் கறுத்துவிடும். நிழலில் அத்தை காம்பைக் கிள்ளிக் காய்களைக் கவிழ்த்து வைக்கிறார். பால் முழுவதும் வடிந்த பிறகுதான் கூடைக்குப் போகும். அவர் வைத்த காய் ஒன்றில்கூடக் கறை இருக்காது, எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

கத்தரிச் செடிகளுக்கு மாலையில் தண்ணீர் விட்டாயிற்று. மேற்கு வரிசை மாமரங்கள் இன்னும் பாக்கி, நாளைக் காலை அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.