கஸ்டமர் சர்வீஸ்லேர்ந்து யூஎக்ஸ் டிசைனுக்கு நான் வந்த வழி

டிசைன் டிகிரி இல்லாம, முப்பது வயசு தாண்டி யூஎக்ஸ் வேலைக்கு, அதாவது ஆப், வெப்சைட்ட எல்லாம் மக்களுக்கு சுலபமா இருக்குற மாதிரி வடிவமைக்கிற வேலைக்கு, வர முடியுமான்னு இப்போ நிறைய பேரு கேக்குறாங்க. அப்படி வந்தவ தான் நான், அதனால விவரமா எழுதிடுறேன்.

நான் படிச்சது பிசினஸ். வேலை பாத்தது ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனில கஸ்டமர் சர்வீஸ், நாள் முழுக்க ஹெட்செட் மாட்டிக்கிட்டு பார்சல் எங்கன்னு கேக்குறவங்களுக்குப் பதில் சொல்ற வேலை. அங்க உக்காந்து கேட்டுக் கேட்டு ஒண்ணு புரிஞ்சுது, நிறைய பேருக்கு பார்சல் லேட்டே ஆகல, ட்ராக்கிங் பக்கத்துல பெருசா இருந்த தேதி கிடங்குலேர்ந்து கிளம்புன தேதி, அவங்க அத வீட்டுக்கு வந்து சேர்ற தேதின்னு எடுத்துக்கிட்டாங்க. இத எழுதி சூப்பர்வைசர்கிட்ட குடுத்தேன், ரெண்டு தேதியும் தனித்தனியா தெரியுற மாதிரி மாத்துனாங்க, அந்தக் கேள்வியோட வர்ற கால் குறைஞ்சுது. இதையே முழுநேர வேலையா செய்றவங்க இருக்காங்கன்னு தெரிஞ்சதும் எனக்கு வேற எதுலயும் மனசு போகல.

காசு விஷயத்த முதல்ல சொல்லிடுறேன். 25 வயசான சிங்கப்பூரர்களுக்கு கோர்ஸ் கட்டணத்துக்குன்னு அரசாங்கம் குடுக்குற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் 500 வெள்ளி இருக்கு, 40 ஆயிட்டா 2024 மே மாசத்துலேர்ந்து குறிப்பிட்ட சில கோர்ஸுகளுக்குக் கூடுதலா 4,000 வெள்ளி குடுக்குறாங்க. பூட்கேம்ப்னு சொல்ற குறுகிய காலத் தீவிரப் பயிற்சின்னா பல ஆயிரம் வெள்ளி கேப்பாங்க, சேர்றதுக்கு முன்னாடி அங்க படிச்சவங்க ரெண்டு மூணு பேரோட போர்ட்ஃபோலியோவ, அதாவது செஞ்ச வேலையோட தொகுப்ப, பாருங்க, எல்லாம் ஒரே அச்சுல இருந்தா எனக்கு அது சரியாப் படாது. நான் கோர்ஸெராங்கற ஆன்லைன் பாடத் தளத்துல கூகுளோட யூஎக்ஸ் சர்டிஃபிகேட்ட வேலைய விடாம ராத்திரில படிச்சேன். திரைய வரைய உதவுற டூல் ஃபிக்மா, அது பிரௌசர்லயே ஓடும், இலவசக் கணக்கு போதும். டூல் கத்துக்குறது சீக்கிரம் முடிஞ்சிடும், அதுல ரொம்ப நாள் தங்க வேணாம்.

கஷ்டம் போர்ட்ஃபோலியோல தான். புதுசா வர்றவங்க பெரும்பாலும் ஸ்பாட்டிஃபை மாதிரி ஒரு பெரிய ஆப்ப எடுத்து அழகா மாத்தி வரைஞ்சு போடுறாங்க, ஆனா யாருக்கு என்ன சிரமம் இருந்துச்சு, இத ஏன் மாத்துனீங்கன்னு கேட்டா பதில் இருக்காது. நான் எங்க புளோக்ல இருக்குற வயசான ஆன்ட்டி அங்கிள்ங்க அரசாங்கம் வீட்டுக்கு வீடு குடுக்குற சிடிசி பற்றுச்சீட்டு எப்படி பயன்படுத்துறாங்கன்னு எடுத்துக்கிட்டேன். உங்களுக்கே தெரியும், வீட்டுல ஒருத்தர் சிங்பாஸ்ங்கற அரசாங்க டிஜிட்டல் அடையாளக் கணக்கு மூலமா வாங்குனா எஸ்எம்எஸ்ல லிங்க் வரும், அதத் திறந்து 2, 5, 10 வெள்ளி சீட்டுல வேணுங்கறத தேர்ந்தெடுத்து கியூஆர் கோட கடைக்காரர்கிட்ட காட்டணும். பக்கம் நாலு மொழியிலயும் இருக்கு. சிரமம் அந்தப் பக்கத்தத் திறக்குறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்குதுங்கறது கூடப் போயி நின்னு பாத்தப்ப தான் தெரிஞ்சுது. மகன் வாட்ஸாப்ல அனுப்பி வச்ச லிங்க் குட்மார்னிங் படங்களுக்கு மேல எங்கயோ போயிருக்கும், மார்க்கெட்ல நின்னுக்கிட்டு விரலால தள்ளித் தள்ளி தேடுவாங்க. மோசடி எச்சரிக்கை நிறைய கேட்டுக் கேட்டு, கிடைச்ச லிங்க அழுத்தவும் பயம். அப்புறம் கணக்கு. தேக்கால ஒரு ஆன்ட்டிக்கு காய் 13 வெள்ளி வந்துச்சு, முதல்ல 10 எடுத்தாங்க, அப்புறம் 2, இன்னும் 1 வேணும். 5 ஒண்ணும் 2 நாலும் எடுத்தா சரியா வந்துடும், ஆனா பின்னாடி ஆளுங்க நிக்கிறப்ப அந்தக் கணக்கு யாருக்கு ஓடும்? "பரவாயில்ல தம்பி"ன்னு கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு காசா எடுத்துக் குடுத்துட்டாங்க.

அதனால நான் லிங்க ஹோம் ஸ்கிரீன்ல வைக்க சொல்லிக் குடுக்குற பெரிய எழுத்து அட்டை ஒண்ணு செஞ்சேன், தொகைய மட்டும் போட்டா சீட்டு தானா சேர்ற மாதிரி ஃபிக்மால ஒரு புரோட்டோடைப், அதாவது மாதிரித் திரை, செஞ்சேன், ரெண்டையும் அதே ஆளுங்ககிட்ட திரும்பக் கொண்டு போயி காட்டுனேன். பேரு போடல, முகம் எடுக்கல, கையும் போனும் மட்டும், அதுவும் கேட்டுட்டு தான்.

இப்படி ஆளுங்கள பயன்படுத்த விட்டுப் பாக்குற டெஸ்டிங் பத்தி எல்லாரும் சொல்றது யூஎக்ஸ் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ல எழுதுனது, 5 பேர வச்சுப் பாத்தாலே ஏறக்குறைய 85 சதவீதப் பிரச்சினை தெரிஞ்சிடும்னு. ஆனா பயன்படுத்துறவங்க வேற வேற மாதிரி ஆளுங்களா இருந்தா ஒவ்வொரு பிரிவையும் தனியா பாக்கணும்னும் அவரே அதுல சொல்லியிருக்காரு, இத யாரும் எடுத்துப் பேசுறதில்ல. நம்ம ஊர்ல இங்லிஷ் பேசுற ஆபீஸ்காரங்க 5 பேர மட்டும் பாத்துட்டு முடிச்சா தமிழ்ல படிக்கிற ஆன்ட்டிக்கு என்ன ஆகுதுன்னு தெரியவே தெரியாது. தமிழ் எழுத்து அகலம், இங்லிஷுக்குன்னு அளவெடுத்த பட்டன்ல ரெண்டு வரியா உடையும், வரி இடைவெளி பத்தலன்னா கொம்பும் சுழியும் மேல கீழ முட்டும். அத சரிபண்ண பட்டன் உயரத்த கூட்டுனேன், எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவுல படிக்கிற அளவுக்கு வெளிச்ச வித்தியாசம், அதாவது 4.5:1 கான்ட்ராஸ்ட், இருக்கான்னு ஒவ்வொரு திரையிலயும் பாத்தேன். இன்டர்வியூல அதிக நேரம் பேசுனது இதப் பத்தி தான்.

இன்டர்வியூக்கு ரெண்டு கேஸ் ஸ்டடி, அதாவது ஒரு வேலைய எப்படி செஞ்சீங்கங்கற விவரம், போதும், ஆனா எத விட்டுட்டீங்க, ஏன் விட்டீங்கன்னு கேப்பாங்க, அதுக்கு தயாரா இருங்க. பழைய கம்பெனி திரைங்கள போடுறதா இருந்தா அனுமதி வாங்குங்க, நான் வாங்குனேன், வாடிக்கையாளர் விவரம் எல்லாம் எடுத்துட்டு தான் போட்டேன். ஒரு கம்பெனில வீட்டுப் பாடமா முழு ஆப்பையே வார இறுதிக்குள்ள வரைஞ்சு தரச் சொன்னாங்க, குடுத்ததுக்கப்புறம் பதிலே இல்ல, ரொம்ப வலிச்சுது. அந்த மாதிரி டாஸ்க் வந்தா எத்தன மணி நேரம் எதிர்பாக்குறீங்கன்னு முதல்லயே கேளுங்க, நியாயமான இடம்னா சொல்லிடுவாங்க.

எனக்கு முதல்ல கிடைச்சது கான்ட்ராக்ட் வேலை, சம்பளமும் பழசவிட கம்மி. வீட்டுல கவலப்பட்டாங்க, அம்மா மட்டும் போயிப் பாருன்னு சொன்னாங்க. இப்போ நிரந்தரமாயிட்டேன். டெஸ்டிங்குக்கு ஆள் எடுக்குறப்ப தமிழ்ல படிக்கிறவங்களுக்கு தனியா ஒரு சுத்து வைக்கணும்னு டீம்ல கேட்டிருந்தேன், சரின்னுட்டாங்க, அடுத்த மாசம் ஈசூன்ல ஆரம்பிக்குது.