13 மீட்டர் இல்லமும் 601 மீட்டர் கோபுரமும்

ஜித்தாவிலிருந்து மக்காவுக்குப் போகும் பேருந்தில், ஊர் எல்லையை நெருங்கும்போதே மொட்டை மலைகளுக்கு மேலே கடிகாரக் கோபுரம் தலைநீட்டும். இரவாக இருந்தால் பச்சை வெளிச்சத்தோடு பெரிய பிறை மாதிரித் தெரியும். யாராவது ஒருவர் "அதோ ஹரம், புனிதப் பள்ளி!" என்று கைநீட்டுவார். பேருந்து முழுக்க அந்தப் பக்கம் சாயும், செல்பேசிகள் வெளியே வரும், அதுவரை ஒரே குரலாகப் போய்க்கொண்டிருந்த தல்பியா என்னும் 'லப்பைக்' முழக்கம் அறுந்துபோகும். குழுவை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. உம்ரா என்னும் சிறு யாத்திரைக்கு இஹ்ராம் உடை கட்டியவருக்கு, கஃபாவைச் சுற்றும் தவாஃப் தொடங்கும் வரை தல்பியா உண்டு. கோபுரத்தைக் கண்டதும் அது நின்றுவிடக் கூடாது. கஃபாவைக் கண்டதும் கேட்க வேண்டிய துஆவையும் (வேண்டுதலையும்) சிலர் அவசரப்பட்டு அங்கேயே கேட்டுவிடுகிறார்கள். அந்த துஆவைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கஃபா இன்னும் பல கிலோமீட்டர் தூரத்தில், பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது.

அந்தக் கட்டடத் தொகுதியின் பெயர் அப்ராஜ் அல்-பைத், அதாவது 'இல்லத்தின் கோபுரங்கள்'. மொத்தம் ஏழு கோபுரங்கள். நடுவில் நிற்கும் கடிகாரக் கோபுரத்தின் உயரம் 601 மீட்டர். கடிகாரம் 2010ஆம் ஆண்டு ரமழானில் ஓடத் தொடங்கியது. கட்டட வேலை 2012இல் முடிந்தது. நான்கு பக்கமும் நான்கு முகங்கள், ஒவ்வொன்றும் 43 மீட்டர் விட்டம். கஃபாவின் உயரம் சுமார் 13 மீட்டர். கடிகாரத்தின் ஒரு முகத்துக்கு முன்னால் மூன்று கஃபாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் மேலே இடம் மிஞ்சும். நிமிட முள் மட்டுமே 20 மீட்டருக்கு மேல் நீளம். உச்சியில் இருக்கும் பொன்னிறப் பிறைக்கு 23 மீட்டர் உயரம், அதற்குள்ளேயே தொழுகை அறை ஒன்றும் உண்டு. அவ்வளவு உயரத்தில் காற்றின் வேகத்தைத் தாங்க வேண்டும், எடையும் குறைய வேண்டும் என்பதால் முட்களைக் கார்பன் இழையால் செய்திருக்கிறார்கள். முகங்களில் பதித்திருப்பவை கோடிக்கணக்கான சிறு கண்ணாடித் துண்டுகள். பாங்கு சொல்லும் நேரத்தில் உச்சியில் 21,000 விளக்குகள் பச்சையும் வெள்ளையுமாக மின்னும். காது கேளாதவர்களுக்கும், தூரத்தில் இருப்பவர்களுக்கும் தொழுகை நேரத்தைக் காட்டவே இந்த ஏற்பாடு.

இது தனிப்பட்ட வியாபாரக் கட்டடம் அன்று. மன்னர் அப்துல் அஸீஸ் பெயரிலான வக்ஃபு, அதாவது அறக்கொடை. விடுதிகள், கடைகள் தரும் வருமானம் மக்கா, மதீனா இரு ஹரம்களின் பராமரிப்புக்கு என்பதே அதன் ஏற்பாடு. பள்ளிவாசலுக்கு வருமானம் வரக் கடை கட்டி வக்ஃபு செய்வது நம் ஊர்களிலும் பழைய வழக்கம்தான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. மனதை உறுத்துவது உயரம். மக்காவின் பழைய வரலாற்றை எழுதிய அஸ்ரக்கீ ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். கஃபாவின் சாவியைக் காத்துவந்த ஷைபா இப்னு உஸ்மான் (ரலி) மேட்டிலிருந்து ஊரைப் பார்ப்பாராம். கஃபாவை விட உயர்ந்து நிற்கும் வீடு கண்ணில் பட்டால் இடிக்கச் சொல்லிவிடுவாராம். அல்லாஹ்வின் இல்லத்தைக் குனிந்து பார்க்கும்படி எவருடைய கூரையும் இருக்கக் கூடாது என்பது அன்றைய மக்காவின் அதபு, அதாவது மரியாதை முறை. வெறுங்காலோடு ஆடு மேய்த்தவர்கள் கட்டடங்களை உயர்த்துவதில் போட்டி போடுவார்கள் என்று மறுமையின் அடையாளங்களில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸும், அண்ணாந்து பார்க்கிற பலருக்கு அந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. இரண்டையும் தெரிந்துகொண்டு போகிறவரின் தலை தானாகத் தாழும்.

கோபுரம் நிற்கும் இடத்தில் முன்பு புல்புல் என்ற குன்று இருந்தது. அதன் மேல் அஜ்யாத் கோட்டை. 1780ஐ ஒட்டிய ஆண்டுகளில், கஃபாவையும் ஊரையும் கொள்ளையரிடமிருந்து காக்க உஸ்மானியத் துருக்கியர்கள் கட்டியது. 2002 ஜனவரியில் கோட்டையை இடித்தார்கள், குன்றையும் மட்டமாக்கினார்கள். துருக்கி அரசு கடுமையாகக் கண்டித்தது. கற்களை மறுபடி அடுக்கலாம், குன்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கஃபாவின் மீது வந்து விழும் இந்தப் பேருருவத்தை விட அந்தக் குன்று போனதுதான் பெரிய இழப்பு. நபி இப்ராஹீமின் மனைவி ஹாஜரா அம்மையார் குழந்தையோடு தனித்து நின்ற பயிரில்லாப் பள்ளத்தாக்கு எப்படி இருந்திருக்கும் என்று காட்டிக்கொண்டிருந்த மலைகளில் அதுவும் ஒன்று.

பாதைக்கு வருவோம். கோபுரம் கஃபாவுக்கு ஏறத்தாழ நேர் தெற்கே, சுமார் 400 மீட்டர் தூரத்தில் நிற்கிறது. இந்த ஒரு கணக்கை மனதில் பதித்துக்கொண்டால் பல குழப்பங்கள் தீரும். கோபுரத்தின் காலடியிலிருந்து முற்றத்தைக் கடந்தால் எதிரே மன்னர் அப்துல் அஸீஸ் வாசல், எண் 1. உள்ளே போய்ப் படி இறங்கினால் மதாஃப், கஃபாவைச் சுற்றி வரும் திறந்த வெளி. பார்வையைத் தாழ்த்தியபடியே இறங்கி, தூண்களைக் கடந்து, ஓரமாக ஒதுங்கி நின்றபின் தலை தூக்குவது நல்லது. படிக்கட்டின் நடுவில் நின்று அழுகிறவர்கள் மேல் பின்னால் வருகிறவர்கள் மோதி விழுகிறார்கள். அழுகைக்கு இரண்டடி தள்ளி இடம் இருக்கிறது. கீழ்த்தளத்தில் இஹ்ராம் துணி இல்லாத ஆண்களைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை, மேல்தளத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே சுற்று பல மடங்கு நீளம், ஏழு சுற்று முடிக்க ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டி வரலாம். நஃபிலான (கட்டாயமில்லாத) தவாஃபுக்கு மேலே போகும் வயதானவர்கள் ஒளு என்னும் உடல் சுத்தத்தையும் தண்ணீரையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹஜருல் அஸ்வத் என்னும் கறுப்புக் கல் கஃபாவின் கிழக்கு மூலையில் இருக்கிறது. அதற்கு நேராகப் பள்ளியின் சுவரில் எரியும் பச்சை விளக்குதான் சுற்றின் தொடக்கக் கோடு. இடது தோள் கஃபா பக்கம் இருக்க, கதவையும், நபி இப்ராஹீம் நின்ற கல்லான மகாமு இப்ராஹீமையும் கடந்து, அரைவட்டச் சுவரான ஹிஜ்ர் இஸ்மாயீலை வெளியே சுற்றி வளைகிறோம். வளைந்து தெற்கு மூலையான ருக்னுல் யமானியை நோக்கி நடக்கும்போது முகம் தென்கிழக்கே திரும்பியிருக்கும். கோபுரம் முழுசாக வலது முன்பக்கம் எழுந்து நிற்கும். கவனம் சிதறுவது இந்த நீளத்தில்தான். மணி எத்தனை என்று கண் மேலே போகும், இறங்கி வரும்போது 'இது நாலாவதா, அஞ்சாவதா' என்ற சந்தேகம் வந்துவிடும். சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு தொடர வேண்டும். ஏழு மணி கோத்த சிறு கயிறோ, சுற்றுக்கு ஒரு விரலை மடக்குவதோ போதும். யமானி மூலையைக் கடந்துவிட்டால் கோபுரம் முதுகுப் பக்கம் போய்விடும். "ரப்பனா ஆதினா ஃபித் துன்யா ஹஸனதன்" என்ற துஆவோடு ஹஜருல் அஸ்வதை நோக்கி நடக்கும் அந்தக் குறுகிய தூரத்தில் கல்லும், கஃபாவின் போர்வையான கிஸ்வாவின் கறுப்பும், அருகில் நடப்பவர்களின் மூச்சும் மட்டுமே மிச்சம் இருக்கும். உள்ளங்காலில் கிரேக்க நாட்டுத் தாசோஸ் தீவின் வெள்ளைப் பளிங்கு. உச்சி வெயிலிலும் சுடாத கல்.

நிழல் சங்கதியை அறிந்தவர்கள் குறைவு. நவம்பர் முதல் ஜனவரி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் மக்காவின் உச்சிச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 45 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. அந்தக் கோணத்தில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தளவே இருக்கும். 601 மீட்டர் கோபுரத்தின் நிழல் வடக்கே ஏறத்தாழ 600 மீட்டர் நீளும். கஃபா 400 மீட்டரில் இருக்கிறது. எனவே குளிர்கால நண்பகலில் கோபுரத்தின் நிழல் மதாஃபின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக மெல்ல நகர்ந்து, கஃபாவையும் தொட்டுக் கடந்து போகும். கோபுரம் ஏறத்தாழ நேர் தெற்கில் இருப்பதால் அந்தக் கடப்பு உச்சிப்பொழுதை ஒட்டியே நிகழ்கிறது. உச்சி சாய்ந்து நிழல் கிழக்கே திரும்புவதுதானே லுஹர் என்னும் நண்பகல் தொழுகை நேரத்தின் தொடக்கம். மேலே 43 மீட்டர் கடிகாரம் இயந்திரத்தால் நேரம் காட்டிக்கொண்டிருக்க, கீழே அதன் நிழல் ஷரீஅத்தின் பழைய முறையில் நேரம் சொல்கிறது. இதைக் கட்டியவர்கள் எண்ணிச் செய்திருக்க வாய்ப்பில்லை. அல்லாஹ் தன் இல்லத்தின் அருகே எதையும் வேலையில்லாமல் நிற்க விடுவதில்லை என்றே தோன்றுகிறது.

உயரத்தால் நோன்பிலும் ஒரு நுட்பம் வருகிறது. மேலே போகப் போகச் சூரியன் கொஞ்சம் பிந்தியே மறையும். துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 80ஆம் மாடிக்கு மேல் வசிப்பவர்கள் இரண்டு நிமிடம் கழித்து நோன்பு திறக்க வேண்டும் என்று 2011இல் அங்குள்ள முஃப்தி சொன்னது இதனால்தான். மக்காவைச் சுற்றி மலைகள் இருப்பதால் இங்கே கணக்கு அவ்வளவு நேரானதில்லை. இருந்தாலும் இஃப்தாருக்குக் கீழே முற்றத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. விரிப்பில் பேரீச்சம்பழமும் ஸம்ஸமும் கேட்காமலே வந்து சேரும்.

அறையிலிருந்தே ஜமாஅத்தில் (கூட்டுத் தொழுகையில்) சேர்ந்து தொழலாமா என்று கேட்பவர்கள் அதிகம். கோபுர விடுதிகளில் இமாமின் ஓதலை ஒலிபெருக்கியில் கேட்கலாம். கஃபா தெரியும் வடக்குப் பக்க அறைகளுக்குக் கட்டணமும் கூடுதல். அவ்வளவு கொடுத்தபின் கண்ணாடி ஓரத்தில் தொழுகை விரிப்பான முஸல்லாவை விரித்துவிட ஆசை வருவது இயல்பு. ஷாஃபிஈ மத்ஹப் என்னும் சட்ட வழியில், இமாம் பள்ளிக்குள்ளும் பின்பற்றுபவர் வெளியிலும் இருந்தால், தூரம் 300 முழத்துக்குள் இருக்க வேண்டும். போக்கையோ பார்வையையோ தடுக்கும் எதுவும் இடையில் இருக்கக் கூடாது. 30ஆம் மாடியில் பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவருக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதைப் புறப்படும் முன் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். சஃப்புகள் (தொழுகை வரிசைகள்) தொடர்ந்து வந்து சேரும் முற்றத்தில் நிற்பதில் யாருக்கும் ஐயமில்லை. தனியாக அறையில் சுன்னத்தோ தஹஜ்ஜுதோ தொழுபவர் நினைவில் வைக்க வேண்டியது: இந்தக் கோபுரத்தில் கிப்லா (தொழுகைத் திசை) வடக்கு. ஊர்ப் பழக்கத்தில் மேற்கே திரும்பி நின்றுவிடுகிறவர்கள் உண்டு.

லிஃப்ட் விஷயத்தில் பொறுமை வேண்டும். பல விடுதிகளில் அறையிலிருந்து வரவேற்புத் தளத்துக்கு ஒரு லிஃப்ட், அங்கிருந்து தரைக்கு வேறொன்று. பாங்குக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது ஒவ்வொரு மாடியிலும் நிறைந்தே வந்து நிற்கும், ஏற முடியாது. முக்கால் மணி நேரம் முன்பே இறங்கிவிட வேண்டும், வெள்ளிக்கிழமை இன்னும் முன்னதாக. முற்றம் நிரம்பியதும் காவலர்கள் வழியை அடைத்து வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். அப்போது 'நம்ம வாசல்' என்று அடம்பிடிக்காமல் அவர்கள் காட்டும் வழியில் போவதே பாதுகாப்பு.

தொலைந்துபோகிறவர்களில் பாதிப்பேர் "கடிகாரத்துக்குக் கீழே சந்திப்போம்" என்று பேசிக்கொண்டவர்கள். அது எங்கிருந்தும் தெரியும், அதனால் எல்லாரும் பக்கத்தில் இருப்பதாகவே நினைப்பார்கள். கீழே வந்தால் ஏழு கோபுரங்கள், பல தளக் கடைவீதி, ஒரே மாதிரி வாசல்கள், ஆயிரக்கணக்கான வெள்ளைத் துணி. வாசல் எண்ணைச் சொல்லிச் சந்திக்க வேண்டும். 1 அல்லது மன்னர் ஃபஹ்து வாசலான 79 என்றால் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களின் கையில் விடுதியின் பெயரை அரபியில் எழுதிய அட்டை இருக்கட்டும். ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே நடக்கும் ஸஃயி முடியும் இடத்திலும் ஒரு சிக்கல். ஸஃபாவில் தொடங்கும் தொங்கோட்டம் ஏழாவது நடையில் மர்வாவில் முடிகிறது. மொத்தம் சுமார் மூன்று கிலோமீட்டர். மர்வா வடக்கே, கோபுரம் தெற்கே. களைத்த காலோடு பக்கத்து வாசல் வழியே வெளியேறினால் பள்ளியின் மறுபுறம் போய் நிற்போம். 1ஆம் எண் வாசலில் விட்ட செருப்பு அங்கே, வெறுங்காலில் சுடுதரையில் நாம் இங்கே. செருப்பைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டே தவாஃப் செய்வது உத்தமம். அடுத்து முடி களைய, மர்வாவுக்கு வெளியிலும் முடிதிருத்தும் கடைகள் உண்டு, கோபுரத்தின் கீழும் உண்டு. பெண்கள் அறைக்குப் போய் விரல் நுனியளவு முடி வெட்டிக்கொண்டால் போதும்.

கட்டட வேலை இந்த வட்டாரத்தில் ஓய்வதில்லை. 2015 செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை மாலை, பள்ளியின் விரிவாக்க வேலையில் நின்ற ராட்சத கிரேன் ஒன்று புயல்காற்றில் சாய்ந்து பள்ளிக்குள் விழுந்தது. ஹஜ்ஜுக்கு வந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்து ஷஹீதானார்கள். வேலை இல்லாதபோது கீழே இறக்கி வைக்க வேண்டிய நீண்ட கையைத் தூக்கியபடியே விட்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. பலத்த காற்றும் இடியும் வரும் நாளில் வேலை நடக்கும் பக்கத்தைத் தவிர்த்து, கூரையுள்ள பகுதிக்குள் போய்விட வேண்டும்.

கோபுரத்துக்கு நிழலே இல்லாத நேரமும் ஆண்டில் இரண்டு முறை வருகிறது. மே 27, 28 தேதிகளில் மக்கா நேரம் பகல் 12.18க்கும், ஜூலை 15, 16 தேதிகளில் 12.27க்கும் சூரியன் கஃபாவின் நேர் உச்சியில் நிற்கும். அந்நேரம் 13 மீட்டர் இல்லத்துக்கும் நிழல் இல்லை, 601 மீட்டர் கோபுரத்துக்கும் இல்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அப்போது பிற்பகல் 2.48, ஜூலையில் 2.57. வீட்டு முற்றத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டால், நிழல் விழும் திசைக்கு நேர் எதிர்த்திசை கிப்லா. வீட்டில் நேர் மேற்கே விரித்துப் பழகிய முஸல்லா வடக்கே சற்று நகர வேண்டியிருக்கும். தரையில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம்.