மெஷின் நகர மாட்டேங்குதுங்க

கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் உடல்பருமன் அறுவை சிகிச்சைப் பிரிவில் டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். ஈரோடு, திருப்பூர், கரூர், கணவாய் தாண்டி பாலக்காடு என்று பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஆபரேஷனுக்கு முன்பு எல்லோரும் சர்ஜனைத்தான் தேடுவார்கள். ஆபரேஷன் முடிந்து மூன்றாவது, நான்காவது வாரம் ஆகிவிட்டால் என் போன் அடிக்க ஆரம்பிக்கும். "மேடம், மெஷின் நகர மாட்டேங்குதுங்க."

அந்தச் சமயத்தில் அவர்கள் சாப்பிடுவது பருப்புத் தண்ணீர், புரதப் பொடி கரைத்த மோர், குழைத்த இட்லி என்ற அளவில்தான் இருக்கும். நாள் முழுக்கக் கூட்டினாலும் 600, 800 கலோரியைத் தாண்டாது. இவ்வளவு குறைத்தும் எடை அப்படியே நின்றால் யாருக்குத்தான் பயம் வராது? "வயிறு மறுபடி பெருசாயிருச்சுங்களா?" என்பார்கள். "தையல் பிரிஞ்சிருச்சோ?" என்று கேட்டவர்களும் உண்டு. ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்தாகிவிட்டது. மூன்று வாரத்தில் அது எங்கேயும் போய் வளர்ந்துவிடாது.

நடப்பது பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கு. நம் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவத்தில் கொஞ்சம் மாவுச்சத்து இருப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு திடீரென்று குறைந்ததும் உடம்பு முதலில் அதைத்தான் எடுத்துச் செலவழிக்கிறது, கூடவே நீரும் வெளியேறுகிறது. முதல் இரண்டு வாரத்தில் மளமளவென்று இறங்கும் கிலோக்களில் கணிசமானது இப்படிப் போன தண்ணீர்தான். பிறகு உணவு சற்றே கூடும்போது கிளைகோஜன் கொஞ்சம் திரும்பி வரும், நீரும் வரும். கொழுப்பு அந்த வாரத்திலும் கரைந்துகொண்டுதான் இருக்கும். மெஷின் இரண்டையும் சேர்த்தே நிறுப்பதால் எண் மாறாமல் நிற்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவருக்கு, கிளைகோஜன் சட்டைப்பையில் இருக்கும் கைச்செலவுப் பணம், கொழுப்பு பிக்சட் டெபாசிட் என்று சொன்னேன். "அப்ப இப்பத்தான் டெபாசிட்ட ஒடைக்கறமுங்களா" என்று சட்டெனப் பிடித்துக்கொண்டார். இந்த முதல் தேக்கம் ஓரிரு வாரத்தில், அதிகம் போனால் மூன்று வாரத்தில், பெரும்பாலும் தானாகவே விலகிவிடும்.

எனக்குக் கவலை தேக்கத்தைப் பற்றியல்ல. அதைப் பார்த்துப் பயந்துபோய் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றித்தான்.

கொங்கு நாட்டில் முதலில் அடுப்பேறுவது கொள்ளு. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதைச் சொல்லாத மாமியாரை நான் இதுவரை பார்க்கவில்லை. கொள்ளின் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. 100 கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, நல்ல பண்டம்தான். ஆனால் இவர்கள் கொள்ளை வேகவைத்து, வடித்த தண்ணீரில் ரசம் வைத்து, காலை மதியம் இரவு என்று அதை மட்டும் குடிப்பார்கள். முக்கால்வாசிப் புரதம் வெந்த கொள்ளோடு சட்டியிலேயே நின்றுவிடும். அதை வீட்டில் மற்றவர்கள் கடைந்து சாப்பிடுவார்கள். ரசத்தை நிறுத்தச் சொன்னால் மாமியாருக்குக் கோபம் வரும். அதனால் நான் நிறுத்தச் சொல்வதில்லை. "அந்தக் கடைஞ்ச கொள்ளுல நாலு ஸ்பூன் இவங்களுக்கும் வைங்க" என்று மாமியாரிடமே சொல்லிவிடுவேன். அது நடக்கிறது.

ஆபரேஷன் ஆனவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். சொல்வது எளிது. ஒரு முட்டையில் 6 கிராம், ஓர் இட்லியில் சுமார் 2 கிராம். அரை டம்ளர் அளவுகூடக் கொள்ளாத வயிற்றில் இதை எப்படி நிரப்புவது என்பதே என் வேலையின் பெரும்பகுதி. புரதம் போதாவிட்டால் உடம்பு தசையை எடுத்துக் கரைக்கும். தசை குறைந்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலும் குறையும், அப்புறம் எடை இறங்குவது இன்னும் மெதுவாகிவிடும். எண்ணைக் கீழே தள்ளுவதற்காகப் பட்டினி கிடப்பவர்கள் அடுத்த தேக்கத்தைத் தாங்களே இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள்.

"இன்னும் கம்மியாச் சாப்பிட்டா எறங்கித்தானே ஆகணும்?" என்று வாதம் செய்யும் கணவர்களுக்கு ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்வேன். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஏன்செல் கீஸ் என்பவர் 36 ஆண்களை ஆறு மாதம் ஏறத்தாழ பாதிச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தார். அவர்கள் குண்டானவர்கள் இல்லை, சாதாரண எடை கொண்டவர்கள். எடை நாலில் ஒரு பங்கு குறைந்தது. ஓய்வில் இருக்கும் உடம்பு செலவழிக்கும் ஆற்றலோ 40 சதவீதம் வரை குறைந்துபோனது. கால்களில் நீர் கோத்து வீங்கியது. அதாவது வரவு குறைந்ததும் உடம்பு செலவைச் சுருக்கிவிட்டது. இதைக் கேட்டுவிட்டுக் கணவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு, "சரிங்க மேடம், முட்டை எத்தனைன்னு எழுதிக் கொடுத்துருங்க" என்பார்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு வரும் தேக்கத்தின் கதை வேறு. இதில் தட்டையும் பார்க்க வேண்டும், தட்டுக்கு வெளியே நடப்பதையும் பார்க்க வேண்டும். 130 கிலோவில் இருந்தவர் 95க்கு வந்திருப்பார். அதே படியை ஏற இப்போது குறைந்த ஆற்றலே போதும். ஆபரேஷன் ஆனபோது சாப்பிடுவதற்கும் உடம்பு செலவழிப்பதற்கும் இருந்த இடைவெளி, சாப்பாடு கூடியும் செலவு குறைந்தும் இரண்டு பக்கமும் நெருங்கி வந்திருக்கும். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுத்த பகுதியில் சுரப்பது என்பதால் முதல் மாதங்களில் பசியே தெரியாது. இப்போது கொஞ்சம் தலைகாட்டும்.

அப்போதுதான் முறுக்கு உள்ளே வருகிறது. கோழித்துண்டு நாலு வாய் மென்றால் வயிறு கல்லாக நிறைந்துவிடும், ஐந்தாவது இறங்காது. முறுக்கு, மிக்சர், ரஸ்க் எல்லாம் வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். டீயோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு பாக்கெட் முடிந்தாலும் நிறைந்த உணர்வு வராது. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதீர்கள், அரை மணி நேரம் பொறுங்கள் என்று நாங்கள் சொல்வதற்கும் இது ஒரு காரணம். பொள்ளாச்சியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் மூன்று வேளையும் அளந்துதான் சாப்பிட்டார். எழுதிக்கொண்டு வந்த நோட்டில் ஒரு குறையும் காண முடியவில்லை. எடை மட்டும் இரண்டு மாதமாக அசையவில்லை. கடைக்கு வரும் மொத்த வியாபாரிகள் ஒவ்வொருவரோடும் ஒரு டீ குடிப்பது வழக்கம் என்று பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. டீயெல்லாம் சாப்பாட்டில் சேர்த்தியா என்று அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். அவரிடம் பொய் ஒன்றும் இல்லை. டீயை நிறுத்தினால் வியாபாரம் கெடும் என்றார், நியாயம்தான். சர்க்கரை இல்லாமல், பாதி டம்ளர் என்று பேசி முடித்தோம்.

இதில் பெண்கள் படும் பாடு தனி. வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே கணக்கு ஆரம்பித்துவிடும். "எனக்கு மூணு மாசத்துல முப்பது கிலோ, உனக்கு எத்தனை?" முப்பது குறைந்தவர் 150இல் தொடங்கிய ஆண், கேட்கப்படுபவர் 98இல் தொடங்கிய ஐந்தடிப் பெண். எடையும் வேறு, தசையும் வேறு. மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் நீர் கோத்து ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவதும் உண்டு. ஊறுகாய், அப்பளத்தின் உப்பும் அதே வேலையைச் செய்யும், மலச்சிக்கலும் செய்யும். வீட்டுக்குப் போனால் செலவான பணத்தைப் பற்றிய பேச்சு இருக்கும். இன்சூரன்ஸ் கிடைத்தவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்த விதிகளின்படி, உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து கூடவே கடுமையான நோயும் இருந்தாலோ இந்த ஆபரேஷனுக்கு இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. மற்றவர்கள் நகையை வைத்துத்தான் வருகிறார்கள். நகைக்கடனுக்கு வட்டி ஓடும்போது எடை நின்றால் அந்த வீட்டில் யாரும் கிளைகோஜன் பற்றிப் பேச மாட்டார்கள்.

அதனால் மேசை இழுப்பறையில் ஓர் அளவு டேப் வைத்திருக்கிறேன். ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு மாதமாக 91லேயே நிற்பதாகச் சொல்லி அழுதார். இடுப்பை அளந்தோம், போன முறையைவிடக் குறைந்திருந்தது. அந்த மாதத்தில் தையல்காரரிடம் ரவிக்கையை இரண்டு தடவை பிடித்துத் தைக்கக் கொடுத்ததை அப்போதுதான் அவரே நினைத்துப் பார்த்தார். ஃபைலைப் புரட்டினால் சர்க்கரை மாத்திரை நின்றிருந்தது. இரவில் மூச்சு முட்டாமலிருக்க மாட்டிக்கொள்ளும் கருவியும் அலமாரிக்குப் போயிருந்தது. இவ்வளவும் இருந்தும் 91 என்ற எண்தான் அவர் கண்ணில் நின்றது. தினம் மூன்று முறை ஏறி நிற்பதை விட்டுவிட்டு வாரம் ஒரு நாள், காலையில், ஒரே மாதிரி உடையில் பார்க்கச் சொன்னேன். பிசியோதெரபிஸ்டிடமும் அனுப்பினேன். நடைப்பயிற்சி மட்டும் போதும் என்று இருந்தவருக்கு எடை தூக்கும் பயிற்சியைத் தொடங்கிவைத்தது அவர்தான்.

ஒன்றரை வருடம் சுமாரில் வரும் நிற்றல் பலருக்கும் தேக்கம் அல்ல, வந்து சேர்ந்த இடம். சுவீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று ஆபரேஷன் ஆனவர்களை இருபது வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தது. இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் பைபாஸ் ஆபரேஷன் செய்தவர்கள் முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாக 32 சதவீதம் குறைந்தார்கள். பத்தாவது வருடத்தில் அது 25இல் நின்றது. கொஞ்சம் திரும்பி ஏறுவதும் இயல்பு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் கல்யாணப் புகைப்படத்தில் இருந்த எடைக்கே போக வேண்டும் என்பவர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம். சிலர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள்.

எடை நிற்காமல் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் அது என் கையில் இல்லை. தைராய்டு, இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் என்று டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். தேவைப்பட்டால் எண்டோஸ்கோபியும் செய்வார்கள். 2025இல் மவுஞ்சாரோ, வெகோவி என்ற எடை குறைக்கும் ஊசிகள் இந்தியாவுக்கு வந்த பிறகு, இரண்டு வாரம் எடை நின்றாலே "அந்த ஊசி போட்டுக்கலாங்களா" என்று கேட்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் அது சிலருக்கு உதவும், டாக்டர் முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஏற்கெனவே 30 கிராம் புரதம்கூட எட்டாதவருக்கு மிச்சப் பசியையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்றுதான் எனக்கு ஓடுகிறது.

போன் செய்து அழுகிறவர்களை எப்படியாவது தேற்றிவிடலாம். எடை நின்றதும் வெட்கப்பட்டுக்கொண்டு வருவதையே விட்டுவிடுகிறவர்கள்தான் சிக்கல். ஆபரேஷன் ஆன வயிறும் குடலும் பழையபடி சத்தை உறிஞ்சாது. இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுள் முழுக்க எடுக்க வேண்டியவை. வராதவர்கள் மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள், இரண்டு மூன்று வருடம் கழித்துக் கால் மரத்துப்போய் வந்து நிற்கிறார்கள். இப்போது நாங்களே பட்டியல் வைத்துக்கொண்டு கூப்பிடுகிறோம். நிறையப் பேர் எடுப்பதில்லை. போன வாரம் ஒருவர் எடுத்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "மேடம், எடை அப்படியேதான் இருக்குதுங்க, திட்டிப்போடாதீங்க" என்றார். மாத்திரை எப்போது தீர்ந்தது என்று கேட்டேன். தீபாவளிக்கு முன்னால் என்றார். ரத்தப் பரிசோதனைக்கு வியாழக்கிழமை தேதி கொடுத்தேன்.