ஹட்சன் வரிசை 1/25 அளவில்: ஹார்னெட்டின் மூக்கைக் குறைத்து வாஸ்ப் செய்வது

டெட்ராய்ட்டின் ஹட்சன் நிறுவனம் 1948 முதல் 1953 வரை விற்ற பெரிய கார்களைப் பட்டியலிட்டால் பெயர்கள் நிறைய வரும். சூப்பர் சிக்ஸ், கமடோர், பேஸ்மேக்கர், ஹார்னெட், வாஸ்ப். தகரத்தைப் பார்த்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே பாடிதான். தரைத்தளத்தைச் சட்டங்களுக்கு நடுவே தாழ்த்தி, உள்ளே காலை இறக்கி வைத்து ஏறும்படி செய்த ‘ஸ்டெப் டவுன்’ பாடி அது. மாதிரிக்கு மாதிரி மாறியவை எஞ்சின், அலங்காரப் பட்டைகள், மூக்கின் நீளம். 1950-இல் வந்த பேஸ்மேக்கருக்கும் 1952-இல் வந்த வாஸ்புக்கும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள சக்கர இடைவெளி 119 அங்குலம். ஹார்னெட்டுக்கும் கமடோருக்கும் 124. குறைந்த 5 அங்குலமும், எஞ்சின் அறையை உள்ளறையிலிருந்து பிரிக்கும் ஃபயர்வால் தடுப்புக்கு முன்னால் குறைந்தது. கதவு, கூரை, பின்பக்கம் எதிலும் கை வைக்கவில்லை.

மாடல் கட்டுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. மோபியஸ் நிறுவனத்தின் 1/25 ஹார்னெட் பிளாஸ்டிக் கிட் கையில் இருந்தால், முன்புறத்தில் ஒரு துண்டை எடுத்துவிட்டு வாஸ்ப் செய்துவிடலாம். பந்தயக்கார் கிட்டோடு வரும் எண் ஸ்டிக்கர்கள் இதில் பயன்படாது, எடுத்து வையுங்கள். 1952-இல் அமெரிக்காவின் நாஸ்கார் கிராண்ட் நேஷனல் கார் பந்தயங்கள் 34-இல் 27-ஐ வென்றது ஹார்னெட், வாஸ்ப் அல்ல. வாஸ்ப் மேல் எண் ஒட்டியிருப்பதைப் பார்த்தால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

கணக்கு

124 அங்குலம் 1/25-இல் 126.0 மி.மீ. 119 அங்குலம் 120.9 மி.மீ. ஆக, எடுக்க வேண்டியது 5.1 மி.மீ. வேலை தொடங்கும் முன் கிட்டின் அச்சு முதல் அச்சு வரை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். கிட்டின் அளவு 126-இலிருந்து சற்று விலகியிருந்தாலும் எடுக்கும் துண்டு 5.1 தான். 120.9-ஐ எட்டுவதற்காக அதைக் கூட்டிக் குறைத்தால் மட்கார்டின் விகிதம் கெட்டுவிடும்.

எங்கே வெட்டுவது

முன்சக்கர வளைவின் பின்விளிம்புக்கும் கதவுக் கோட்டுக்கும் நடுவே. கதவுக் கோட்டிலிருந்து குறைந்தது 2 மி.மீ. விட்டு வெட்டுங்கள். ஒட்டி வெட்டினால், மூட்டை நிரப்பும் பட்டியைத் தேய்க்கும்போது கதவுக் கோடு அழிந்துவிடும். அதை மறுபடி கீறி எடுப்பது வெட்டுவதைவிடக் கஷ்டம்.

பலரும் தவறுவது போனட்டில். போனட் தனித் துண்டு என்பதால் அதைத் தனியாக, வசதியான ஓர் இடத்தில் வெட்டிவிடுகிறார்கள். ஹட்சனின் போனட் முன்னால் போகப்போகக் குறுகும். ஓரிடத்தில் 5.1 மி.மீ. எடுத்தால், சேரும் இரு விளிம்புகளின் அகலம் ஒன்றாக இருக்காது. மட்கார்டின் உள்விளிம்பும் அதே சரிவில்தான் குறுகுகிறது. இரண்டும் வெவ்வேறு இடத்தில் வெட்டப்பட்டால் ஓரிடத்தில் இடைவெளி வாய் பிளக்கும், இன்னோரிடத்தில் போனட் உட்காரவே உட்காராது. அதனால் போனட்டைப் பாடியில் வைத்து டேப் போட்டு, இடது மட்கார்டின் அடியிலிருந்து போனட் மேலாக வலது மட்கார்டின் அடிவரை ஒரே தொடர்கோடாகக் கீறுங்கள். அதற்கு 5.1 மி.மீ. முன்னால் இரண்டாவது கோடு. 6 மி.மீ. மாஸ்கிங் டேப் வளைவிலும் நேராகப் படியும், அதன் விளிம்பை வழிகாட்டியாக வைத்துக் கீறலாம்.

ரம்பம் மெல்லிய ரேசர் ரம்பமாக இருக்கட்டும். அதுவும் ஏறக்குறைய 0.25 மி.மீ. தின்னும். இரண்டு வெட்டும் கோடுகளுக்கு உள்ளே, கழிவுத் துண்டின் பக்கம் ஓட வேண்டும். கோடு கண்ணுக்குத் தெரிய விட்டு, மீதியை 400 எமெரியைத் தட்டையான கட்டையில் ஒட்டித் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கோட்டின் மேலேயே வெட்டினால் அரை மில்லிமீட்டர் அதிகம் போய்விடும். இந்த அளவில் அது அரை அங்குலத்துக்குச் சமம்.

சேஸியிலும் உள்மட்கார்டுகளிலும் அதே 5.1, ஃபயர்வாலுக்கு முன்னால். ஃபயர்வாலை எக்காரணம் கொண்டும் நகர்த்தாதீர்கள். டேஷ்போர்டும் ஸ்டீயரிங்கும் அதை நம்பித்தான் நிற்கின்றன.

ஒட்டுவது

மூக்குப் பகுதி கிரில்லோடு ஒரே துண்டாகக் கழன்று வரும். பின்பகுதியின் உட்புறத்தில் 0.5 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டை 8 மி.மீ. அகலத்தில் வெட்டி, பாதி வெளியே நீட்டும்படி ஒட்டுங்கள். அது இறுகிய பிறகே மூக்கைப் பொருத்த வேண்டும். கண்ணாடிப் பலகையில் பாடியை வைத்து, இரண்டு பக்கமும் பம்பர் மட்டத்திலிருந்து கண்ணாடி வரை உயரம் அளந்து பாருங்கள். 0.3 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் சக்கரம் போட்ட பிறகு கார் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி தெரியும். பக்கவாட்டில் ஓடும் மடிப்புக்கோடு மூட்டில் ஒரு படி ஏறி இறங்கி நிற்கும். பட்டி போட்டு அதை மறைக்க முயலாதீர்கள். மூட்டுக்கு முன்னால் 15 மி.மீ. நீளத்துக்குத் தேய்த்து வந்தால் கோடு தானே சேர்ந்துவிடும்.

பட்டி விஷயத்தில் எங்கள் கருத்து உறுதியானது. குழாயில் வரும் லாக்கர் பட்டி இந்த மூட்டுக்கு ஆகாது. அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கை இளக்கும், பிறகு மெல்ல ஆவியாகி வெளியேறும்போது பட்டி சுருங்கும். பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்கி அலமாரியில் வைத்த பிறகு, மூட்டு இருந்த இடம் கோடாக மேலே தெரியும். சூப்பர் குளூவில் டால்கம் பவுடரைக் குழைத்துப் பூசினால் சுருங்காது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் வரை விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கல்லாக இறுகி, சுற்றிலும் பள்ளம் விழும். பொறுமை உள்ளவர்களுக்கு இரண்டு பகுதி எபாக்ஸி பட்டி இன்னும் நல்லது.

எஞ்சின்

ஹார்னெட்டின் ஆறு சிலிண்டர் 308 கன அங்குலம், சிலிண்டர் துளையின் விட்டம் 3 13/16, பிஸ்டன் ஓட்டம் 4 1/2 அங்குலம். 1952 வாஸ்பில் 262, ஓட்டம் 4 3/8. ஓட்டத்தின் வித்தியாசம் 1/25-இல் 0.13 மி.மீ., கிட்டின் எஞ்சினையே தயங்காமல் பயன்படுத்தலாம். இரண்டு கார்புரேட்டர் கொண்ட ட்வின் எச் அமைப்பும், அதன் சிவப்பு ஏர் கிளீனர்களும் பார்க்க அழகுதான். ஆனாலும் சாதாரண வாஸ்புக்கு ஒற்றைக் கார்புரேட்டரே பொருத்தம். 1/25 உதிரிப் பெட்டியில் ஒரு வட்ட ஏர் கிளீனர் இல்லாமலா போகும்! ரேடியேட்டர் பின்னால் வந்துவிட்டதால் விசிறி இடிக்கிறதா என்று ஒட்டும் முன் வைத்துப் பாருங்கள். இடித்தால் விசிறித் தண்டைக் குறையுங்கள், எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள். இந்தக் குட்டை மூக்கில் ஹட்சன் ஒருபோதும் நேர்வரிசை எட்டு சிலிண்டரை வைக்கவில்லை. எட்டு வேண்டுமானால் கமடோர் போன்ற 124 அங்குலக் கார்தான்.

பெயின்ட்டும் குரோமும்

ஹார்னெட் எழுத்துகளையும் சின்னங்களையும் ப்ரைமருக்கு முன்பே சுரண்டிவிடுங்கள். விட்டுவைக்கும் மேடான எழுத்துகளின் மேல், பெயின்ட்டுக்கு முன்னதாகவே குரோம் ஃபாயிலை ஒட்டி அழுத்துங்கள். பெயின்ட் காய்ந்ததும் தின்னர் தொட்ட பஞ்சுக்குச்சியால் எழுத்தின் முகட்டை மட்டும் லேசாகத் துடைத்தால் உள்ளிருக்கும் பளபளப்பு வெளியே வரும். தூரிகையால் இந்தக் கூர்மை கிடைக்காது. நீளமான பட்டைகளுக்கு ஃபாயிலைக் கடைசியில் ஒட்டலாம். பிளேடு புதிதாக இருக்கட்டும், மழுங்கியது ஃபாயிலைக் கிழிக்கும்.

மழைக்காலத்தில் லாக்கர் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். கரைப்பான் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரச் செய்ய, காற்றின் ஈரம் அங்கே படிவதால் வருவது அது. மெதுவாக உலரும் ரிட்டார்டர் தின்னரைக் கலந்து, வறண்ட நாளில் மெல்லிய ஒரு பூச்சு மேலே அடித்தால் பெரும்பாலும் போய்விடும்.

அடுத்து

இதே வெட்டில் 1950 பேஸ்மேக்கரும் வரும், ஆனால் கிரில்லை மாற்ற வேண்டும், எஞ்சின் 232 கன அங்குலம். 1954 கார்களை 1952 பாடியிலிருந்து செய்ய நினைக்க வேண்டாம். அவற்றுக்கு ஒற்றைத் துண்டு முன்கண்ணாடி, பின்மட்கார்டு வேறு. மோபியஸின் 1954 கிட்டிலிருந்து தொடங்குவதே புத்தி. 1953-இல் வந்த ஜெட் முற்றிலும் வேறு பாடி, 105 அங்குலம், அதாவது 106.7 மி.மீ. ஹார்னெட்டை எத்தனை துண்டு போட்டாலும் அது ஜெட் ஆகாது. மிலானின் டூரிங் பட்டறையில் பாடி கட்டிய இத்தாலியா அந்த ஜெட்டின் அடித்தளத்தில் வந்தது என்பதால், அதுவும் இந்த வழியில் வராது.